பெரியப்பாவின் கார் புகைச் சோதனைக்குப் போனது

பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. அவருடைய காரைத்தான் பார்த்திருக்கிறேன். பேசாலையில் பெரியம்மா வீட்டு வளவில், கிடுகுக் கொட்டிலின் கீழ், நான்கு சில்லிலும் காற்றில்லாமல் அந்தப் பழைய ஒஸ்ரின் கார் குந்திக்கொண்டிருந்தது. பின்சீற்றில் கோழி அடைகாத்தது. சண்டைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காததால் பெரியப்பா அதை மண்ணெண்ணெயில் ஓட்டினாராம். ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாராம். வாடகைக்கு ஓடிவிட்டு வீடு திரும்பினால் சட்டை, தலைமயிர் எல்லாம் அதே மணந்தான் என்று அம்மா சொல்வார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

எனக்கு எட்டு வயதான வருடம் மாமா அந்தக் காரில் கை வைத்தார். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி. படகு எஞ்சின் திருத்துவது தொழில். ஆவணித் திருவிழாவுக்கு பெரியம்மாவை அதே காரில் மடு மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவதென்று முடிவெடுத்துவிட்டார். கோழிக்கு வேறு இடம் பார்க்கப்பட்டது. பிரேக் புதிதாக வந்தது, முன்சீற்றுக்கு பெல்ற் வந்தது. வான் வண்டி எஞ்சின் ஒன்றைப் பூட்டினால் தொல்லை தீரும் என்று சிநேகிதர்கள் சொன்னார்கள். பெரியம்மா சம்மதிக்கவில்லை.

தெருவில் ஓடுவதென்றால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். கார் லொறியில் ஏறி மன்னார் ரவுனுக்குப் போக, நாங்கள் பூசைக்குப் போகும் உடுப்புடன் பஸ்ஸில் பின்னால் போனோம். சோதிக்கும் இளைஞர் புகைக்குழாயில் ஒரு கம்பியைச் செருகி, மாமாவை அக்ஸிலேற்றரை மிதிக்கச் சொன்னார். கார் ஒரு தரம் இருமியது. பிறகு அந்த இளைஞரைக் காணவில்லை. புகை கலைந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை.

“அண்ணை, இது காரோ, மண்ணெண்ணெய் அடுப்போ?” என்று கோபமில்லாமல் கேட்டார்.

மாமா எல்லாவற்றையும் கழற்றினார். எண்ணெய்த் தாங்கியை இறக்கிக் கழுவினார், கார்புரேற்றரைப் பிரித்துப் பெற்றோலுக்கு ஏற்றபடி திருத்தினார், பிஸ்ரன் வளையங்களை மாற்றினார். மண்ணெண்ணெய் ஊறிய சீற் பஞ்சைக்கூட எடுத்து எரித்துவிட்டுப் புதிது வைத்தார். இரண்டாம் முறை குழாயிலிருந்து என்ன வந்தது என்றே எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. மாமா சான்றிதழை ஞானஸ்நானச் சீட்டைப்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

அன்று பின்னேரம் பெரியம்மா காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். மூச்சை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் இழுத்தார்.

“நல்லாச் செய்திருக்கிறாய், தம்பி. ஆனா இப்ப இது ஆரோ பிறத்தியாரின்ர கார் மாதிரிக் கிடக்கு.”

மாமா தலையைக் குனிந்துகொண்டு ஏற்கனவே இறுகியிருந்த திருகாணியொன்றை இறுக்கினார்.

திருவிழாவுக்குப் புறப்பட்ட காலை நான் பின்சீற்றில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மன்னார்ப் பாலம் வருமுன்னமே எனக்கு மூக்கு எரிந்தது. சீற்றின் கீழே கையை விட்டேன். மண்ணெண்ணெயில் தோய்ந்த சீலைத்துண்டு ஒன்று அகப்பட்டது.

“மாமா, துடைச்ச சீலையை உள்ளுக்க மறந்துபோய் விட்டிட்டீங்கள். நாறுது. எறியட்டோ?”

மாமா முன்னால் தொங்கிய கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அது கிடக்கட்டும், பிள்ளை.”

பெரியம்மா யன்னல் கண்ணாடியைச் சுற்றி மேலே ஏற்றினார். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெக்கையிலும் மணத்திலும் வாந்தி வராமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவரும் பாவம், வாந்தியை அடக்கிக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சத் தூரந்தான் பெரியம்மா, இன்னும் கொஞ்சத் தூரந்தான் என்று மடு வரைக்கும் தேற்றிக்கொண்டே போனேன்.