வெள்ளைத் துப்பட்டாவும் வண்ணாத்திக் குருவியும்

சித்திரையில் ஒரு ஞாயிறு, அடி அண்ணாமலைப் பக்கம் பறவை பார்க்கக் கூட்டிப்போகிறார்கள் என்று தோழி தகவல் அனுப்பினாள். நாலு பேர் கூடினாலே எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் கிளம்பினேன். வண்ணாத்திக் குருவி நன்றாகப் பாடும் மாதம் இது. எங்கள் வீட்டுத் தொழில் துணி வெளுப்பது. பள்ளியில் பையன்கள் அந்தக் குருவியின் பேர் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து அந்த ஞாயிறு வரை அந்தப் பேரை நான் வாய்திறந்து சொன்னதில்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர். காலை ஐந்தரை மணிக்குப் பேருந்து ஏறினேன். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது.

"கிரிவலமாம்மா?"

"இல்லண்ணா, குருவி பாக்க."

"குருவிக்கு நூத்தம்பதா? ஜாஸ்திதான்" என்றார், வாங்கிக்கொண்டே.

அங்கே போனதும் தலைகுனிவு. கூட்டிப்போனவர் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஆசிரியர். என் துப்பட்டாவைப் பார்த்தார். "காக்கி, பச்சையில வரச் சொன்னோமேம்மா. இந்த வெள்ளைக்கு மலையே எழுந்திரிச்சிடும்." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவிடம் சொல்லிப் பார்த்திருந்தேன். "என் பொண்ணு அழுக்குக் கலர்ல போனா என்னைத்தான் சிரிப்பாங்க" என்று கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டாள்.

டீக்கடைக்கு எதிரே வேப்பமரத்தில் அந்தக் குருவி உட்கார்ந்திருந்தது. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, தூக்கிய வால். என் வெள்ளையை அது கண்டுகொள்ளவே இல்லை, நிறுத்தாமல் பாடியது.

"வண்ணாத்திக் குருவிதானே?" என்றார் டீக்கடை அக்கா.

ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பேரு வேணாங்க. ஜாதிப் பேரு. குண்டுகரிச்சான்னு சொல்லுங்க."

"நான் என்ன திட்டவா செஞ்சேன்?"

பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்த ஒரு நாள், அம்மா என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். "வாலப் பாரு. தூக்குது, எறக்குது. நாம கல்லுல துணி அடிக்கிற மாதிரியே. நம்மளப் பாத்துதான்டி அதுக்குப் பேரு வெச்சாங்க." வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. எனக்கு இது போதும். பேர் எங்களிடமிருந்து குருவிக்குப் போனது. பையன்கள் அதைத் திருப்பி என்மேல் எறிந்தார்கள்.

டீக்கடை முன்னால் நான் ஓரடி முன்னே வந்தேன். "சார், எங்கம்மா துணி வெளுக்கிறவங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். ஆசிரியர் முகம் மாறியது. "உன்னை மாதிரி பிள்ளைங்க மனசு நோகக்கூடாதுன்னுதாம்மா சொன்னேன்."

"மனுஷங்களப் பாத்து சொன்னா நோகும் சார். குருவியப் பாத்து சொன்னா நோகல. பேர எடுத்துட்டா, நாங்க தொவைக்கிற கல்லுகிட்ட நின்னதே யாருக்கும் தெரியாது."

ஆசிரியர் நிமிர்ந்து குருவியைப் பார்த்தார்.

"சரிம்மா. ரெண்டு பேரையும் சொல்லலாம்."

"வண்ணாத்திக் குருவிங்கறத மொதல்ல சொல்லுங்க சார்."

"டீ ஆறுது, குடி" என்றார் டீக்கடை அக்கா. எனக்கு மட்டும் கூட ஒரு பிஸ்கட் வைத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் குருவிச் சத்தம் கேட்காது. ஏழு மணிக்குள் அங்கே இருங்கள். தண்ணீர் எடுத்துப்போங்கள். குருவியின் பேரைச் சத்தமாகவே சொல்லுங்கள். அதை யார்மேலாவது எறிந்தால், எறிபவரைத் தடுங்கள். மங்கலான நிறத்தில் வரச் சொல்வார்கள், மற்ற பறவைகளுக்கு அது சரிதான். நான் அடுத்த முறையும் அம்மா வெளுத்த வெள்ளையில்தான் போவேன்.