அக்னி மூலையில் ஓர் அடுப்பு

பச்சைப் பெயிண்ட் வாடை பட்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். யார் வீட்டுக் கம்பிக் கதவுக்காவது புதிதாகப் பூசியிருந்தால் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவேன். என்னோடு வருகிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்கள் அந்த வீட்டைப் பார்த்ததில்லை.

அறுபதுகளில் நானும் என் கணவரும் அவருடைய அண்ணன் குடும்பமும் அந்தமானில், போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே பக்கம் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அண்ணன், தம்பி இருவருக்கும் படகுத்துறையில் வேலை. நடுவில் ஒரு சேலைத் திரை, இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. அந்த அடுப்பு என் ஓரகத்தியுடையது. அவர் சமைத்து முடிக்கும்வரை நான் அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். "உலை எறக்கியாச்சாக்கா?" என்று கேட்பேன். பதில் வராது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பேன். கல்யாணமாகிக் கப்பலேறி வந்த நாளிலிருந்து தினமும் இதே கேள்விதான். எனக்கு நகை ஆசை இல்லை, சேலை ஆசை இல்லை. யாரையும் கேட்காமல் பற்றவைக்க ஓர் அடுப்பு வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றதும், கணவர் கேட்பதற்கு முன்பே வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன்.

துறைக்கு மேலே, சரிவில் நின்ற மாடி மரவீடு அது. விற்றவர் ஒரு கான்டிராக்டர். பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்கி, பாதியில் மனம் மாறி மெயின்லேண்டுக்குத் திரும்புகிறாராம். முன்பாதி கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. புதுத் தகரக் கூரை, புதுப் பலகைச் சுவர், சிவப்புச் சிமெண்ட் வராந்தா, எங்கு பார்த்தாலும் பச்சைப் பெயிண்ட். பின்பாதியில் கரையான் தின்ற பலகையும் துருவேறிய தகரமும் கோழி எச்சமும். ஆனால் அந்தப் பாழுக்குள்ளும் ஒரே ஒரு மூலைக்கு மட்டும், கீழே தரையிலும் அதற்கு நேர் மேலே மாடித் தரையிலும், புதுப் பலகை அடித்து அதே பச்சையைப் பூசியிருந்தார்.

"இங்க மட்டும் எதுக்குப் புதுசு?" என்று கேட்டேன்.

"பக்கா காம் ஹை, பாபி. அந்தர்சே பக்கா," என்றார் கான்டிராக்டர். உள்ளுக்குள்ளேயே கெட்டி வேலை, அண்ணி, என்று அர்த்தம். சொல்லும்போது அவர் அந்த மூலைக்கு வரவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏதோ நாறுது," என்றேன்.

"புதுப் பெயிண்டு வாடை அது," என்றார் என் கணவர். விற்கிறவருக்குச் சிரமமில்லாமல் பொய்யை இவரே சொல்லிவிட்டார்.

வீட்டை நாலு போர்ஷனாக்குவது என்று முடிவு. முன்பக்கம் கீழும் மேலும், மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வரும் ஆபீசர் குடும்பங்களுக்கு வாடகைக்கு. பின்பக்கம் எங்களுக்கு. மேலே அண்ணன், கீழே தம்பி. அதில் பேச்சுக்கே இடமில்லை. "அண்ணன் தலைக்கு மேல தம்பி நடமாடுறதா?" என்று மூத்தவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். ராமநாதபுரத்துக் கூரை வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். மாடி ஏறியதே இங்கே வந்துதான். அதற்கான முறையை மட்டும் எங்கிருந்து கொண்டுவந்தார்களோ தெரியவில்லை.

அப்புறம் அடுப்பு எங்கே என்ற கேள்வி வந்தது. அடுப்பு அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும், அதாவது தென்கிழக்கில். சரிவில் கோணலாக நிற்கும் வீட்டில் தென்கிழக்கு எது என்று குழப்பம் வந்ததும், மூத்தவர் ஒரு படகிலிருந்து திசைகாட்டிப் பெட்டியை இரவல் வாங்கி வந்தார். கூடத்து நடுவில் அதை வைத்து, முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தம்பி மூச்சுவிடாமல் பக்கத்தில் நின்றார். ஊசி காட்டிய தென்கிழக்கு அந்தப் பச்சை மூலை. மாடிக்குப் போய் வைத்துப் பார்த்தார்கள். அங்கும் அதே மூலை.

"ரெண்டு அடுப்பும் ஒரே நேர்ல. அளந்து வச்சாப்புல அமைஞ்சிருக்கு," என்றார் மூத்தவர்.

"அந்த மூலைதான் நாறுது," என்றேன் நான்.

"பினாயில் ஊத்திக் கழுவச் சொல்லு," என்று மூத்தவர் தம்பியிடம் சொன்னார். நான் ஓர் எட்டுத் தள்ளித்தான் நின்றேன். தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசுவது முறையில்லை. நாற்றத்தில் அவளைச் சமைக்க வைப்பது முறைதான் போலிருக்கிறது.

பினாயில் ஊற்றினேன், சாம்பிராணி போட்டேன். மூன்றும் கலந்து வந்த வாடையை எதற்கு ஒப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை. கூட இருந்த எல்லோருக்கும் மூக்கு இருந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பால் காய்ச்சும் நாளில் துறையில் வேலை செய்யும் நம் ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மாடிப்படி செங்குத்து என்பதால், கீழே என் அடுப்பில் முதலில் காய்ச்சிவிட்டுப் பிறகு மேலே போகலாம் என்றார்கள். அந்த மூலையில் மண் அடுப்பை வைத்து, பால் பவுடரைக் கரைத்து ஊற்றி, நானே பற்றவைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நாற்றத்திலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் அடுப்பு அல்லவா.

பால் பொங்கியது. "எடுக்காதீங்க, நல்லா வழியட்டும்," என்றார்கள். வழிந்தது. அடுப்பைச் சுற்றி ஓடி, பலகை இடுக்கில் இறங்கியது. உடனே இடுக்கிலிருந்து உள்ளங்கை நீளத்தில் ஒரு பூரான் வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் சின்னதாக நிறைய. கூடவே சூடான நாற்றம் எழுந்து வந்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மூத்தவர் பெஞ்சின் மேல் ஏறி, இரண்டு காலையும் தூக்கிவைத்து உட்கார்ந்துகொண்டு, "பால் பொங்கிருச்சு. சகுனம் நல்லாருக்கு," என்றார்.

சுவரோரம் கடப்பாரை சாத்தியிருந்தது. அதை எடுத்து இடுக்கில் கொடுத்து நெம்பினேன். புதுப் பலகை லேசாகக் கழன்று வந்தது.

கீழே பழைய கக்கூஸ் குழி. மாடியில் இருந்த கக்கூஸிலிருந்து நேராக இதற்குள் விழுகிற மாதிரி, மூலைச் சுவருக்குள்ளேயே ஒரு மரக்கூண்டு மேலே போயிற்று. எத்தனை குடும்பம், எத்தனை வருஷம் கழித்ததோ, ஒரு வாளிகூட அள்ளாமல் அப்படியே கிடந்தது. கான்டிராக்டர் அதன் மேல் உடைந்த பலகையையும் தகரத்தையும் செத்த கோழியையும் தள்ளி, மேலேயும் கீழேயும் மூடி, பச்சை பூசிவிட்டுப் போயிருக்கிறார். மழைத் தண்ணீர் இறங்கி ஊறியிருந்தது. புழுக்களுக்கு நடுவில் என் பால் வெள்ளையாக மிதந்தது.

என் கணவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "மூடு. ஆளுங்க பாக்குறாங்க," என்றார்.

குழியைப் பார்த்து வராத வாந்தி அந்தச் சொல்லைக் கேட்டதும் வந்தது. அவரோடு அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் வாழ்ந்துவிட்டேன், பிள்ளைகளும் பெற்றேன். ஆனாலும் அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கொள்ளியை இழுத்துப் போட்டுவிட்டு, மண் அடுப்பைச் சாக்கில் பொதிந்து தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனேன். சிவப்பு வராந்தாவின் நட்டநடுவில் வைத்தேன்.

"அது வாடகைக்கு விடுற எடம்," என்று பின்னாலேயே வந்தார் என் கணவர்.

"வாடகைக்கு வர்றவங்கள அங்க பொங்கச் சொல்லுங்க," என்றேன்.

விருந்தாளிகள் சாப்பிடாமலே கலைந்தார்கள். நான் அரிசி களைந்து உலை வைத்தேன். விறகு ஈரம், நல்ல புகை. கான்டிராக்டரின் பச்சைச் சுவரில் அது கரியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூத்தவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு, "மேல சுத்தமாத்தான் இருக்கும்," என்று படியேறினார். ஓரகத்தி பின்னால் போனார். மேலே அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ இருமினார்கள், ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அண்ணனுடைய அடுப்பு இருந்தது அந்தக் கூண்டின் வாயில். குழியில் இருந்ததெல்லாம் காற்றாக அவர்களிடம்தான் போய்க்கொண்டிருந்தது.

என் சோறு கொதிக்கும்போது ஓரகத்தி இறங்கி வந்தார். கண்கள் சிவந்து நீர் வழிந்தது. களைந்த அரிசியோடு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தா ஓரத்தில் நின்றார். நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உலை எறக்கியாச்சாடி?"

நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். அதே குரல், நான் தினமும் அவரிடம் கேட்ட அதே குரல். சோறு இன்னும் அரை வேக்காடுதான். பானையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். நாலு அடுப்புக்கென்று வாங்கிய வீட்டில் அதற்குப் பிறகும் வெகுநாள் அந்த ஒரே அடுப்புதான் எரிந்தது. எனக்கே எனக்கென்று ஓர் அடுப்பு இருந்தது, அந்தச் சோறு பாதி வேகும் நேரம்தான்.