பெரிய பாயின் விசில்

குக்கரில் இரண்டாவது விசில் வந்தால் நான் எழுந்துவிடுவேன். மூன்று வரட்டும் என்று மனைவி சொல்லிவிட்டுத்தான் போயிருப்பாள். ஆனாலும் இரண்டுக்கே அணைத்துவிட்டு, பருப்பு வேகவில்லை என்று திட்டு வாங்குவேன். இரண்டு விசில் கேட்டால் உட்கார்ந்திருக்க முடியாத உடம்பு இது. மரக்காணத்தில் அடித்துப் பழக்கிய உடம்பு.

எண்பதுகளின் கடைசியில் பெரிய பாயின் உப்பளத்தில் நான் இன்ஜின்காரன். கால்வாயிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்து, மடை திறந்து பாத்திகளுக்கு விடுவது என் வேலை. இன்றைக்கும் டீசல் வாடை பட்டால் கூடவே பெரிய பாயின் அத்தர் வாசனையும் வந்துவிடும். அத்தர் கிட்டே வந்தால் அடி விழப்போகிறது என்று அர்த்தம். அந்த வெட்டவெளியில் கத்தினால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால் எல்லாக் கட்டளையும் அவருடைய பித்தளை விசிலில்தான். ஒரு நீள விசில் என்றால் மடையை அடை. இரண்டு குட்டை விசில் என்றால் திற. கொஞ்சம் தாமதித்தாலும் முதுகில் தென்னைமட்டை இறங்கும். இதில் கூலிக்காரன், மகன் என்ற பேதமெல்லாம் கிடையாது. மூத்தவர் ஜமாலுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் எங்கள் எதிரிலேயே அறை விழுந்திருக்கிறது.

பிறகு பெரிய பாய்க்குப் பக்கவாதம் வந்தது. வாய் கோணிப் பேச்சு போய்விட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. தனக்குப் பிறகு யார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய விசிலும் காணாமல் போயிருந்தது. ஜமால் பாண்டிச்சேரிக்குப் போய் அதே மாதிரி பித்தளை விசில் ஒன்று வாங்கி வந்தார். சவுதியிலிருந்து வந்து இறங்கிய தம்பி யூசுப், மறுநாளே அதே கடையில் இன்னொன்று வாங்கினார். கூத்தைப் பாருங்கள்! ஒருவர் திற என்று ஊத, மற்றவர் அடை என்று ஊத, நான் இன்ஜினுக்கும் மடைக்குமாக நாயாக அலைந்தேன். யார் பேச்சைக் கேட்டாலும் மற்றவரிடம் உதை நிச்சயம்.

அந்தச் சித்திரையில் பாத்தி முழுக்க உப்பு விளைந்து கிடந்தது. மறுநாள் வார வேண்டும். உப்பு வாரும் பலகையை முதலில் போடுபவர்தான் முதலாளி என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். இருவரும் பெரிய பாயைக் கட்டிலோடு தூக்கிவந்து இன்ஜின் கொட்டகை நிழலில் போட்டார்கள்.

"அத்தா, நானா அவனா? கையையாவது காட்டுங்க" என்றார் ஜமால்.

பெரிய பாய் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு ஆளுக்கொரு வரப்பில் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு குட்டை விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பெரிய பாயின் கோணல் வாயில் அந்தப் பழைய விசில்! தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்.

விளைந்த உப்பில் வெயிலில் காயாத கால்வாய்த் தண்ணீரை விட்டால் கரைந்துபோகும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவர் ஊதி நான் யோசித்ததே இல்லை. ஓடிப்போய் மடைப்பலகையைத் தூக்கிவிட்டேன். தண்ணீர் பாய்ந்தது. பெரிய பாய் பாதி வாயால் சிரித்தார்.

"எவன்டா ஊதினது?" என்று ஜமால் மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"நீதான ஊதின! என் பேரைக் கெடுக்கத்தான ஊதின!" என்று யூசுப் எதிர்ப்பக்கமிருந்து வந்தார்.

இருவரும் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். "சொல்லுடா, யார் ஊதினது?"

பெரிய பாய் என்னைப் பார்த்தார். விசில் அதற்குள் உறைக்குள் போயிருந்தது. என் முதுகு தானாகக் கூசியது. எழுந்திருக்க முடியாத கிழவரின் மட்டைக்கு நான் பயந்தேன், வெட்கக்கேடு!

"தெரிலீங்க" என்றேன்.

அவ்வளவுதான். ஜமால் மண்வெட்டிக் காம்பால் தம்பியின் தாடையில் அடித்தார். பல் தெறித்தது. யூசுப் ரத்தத்தைத் துப்பிவிட்டு மண்வெட்டியைப் பிடுங்கினார். தடுக்க நீட்டிய அண்ணன் கையில் வெட்டு விழுந்து, இரண்டு விரல்கள் பாத்தியில் போய் விழுந்தன. வெட்டுப்பட்ட கையோடு உப்புத் தண்ணீரில் விழுந்த ஜமால் போட்ட கூச்சலைக் கேட்டு, தூரத்து அளங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடிவந்தார்கள். கட்டிலில் பெரிய பாயின் சிரிப்பு நின்றிருந்தது. ஒற்றைக் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. அப்போதும் அவர் விசிலை வெளியே எடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் அவர் இறந்தார். மையித்தைக் குளிப்பாட்ட எடுத்தபோது தலையணையை நான்தான் தூக்கினேன். விசிலை மடியில் கட்டிக்கொண்டுபோய்க் கால்வாயில் எறிந்தேன். அளத்தின் நடுவே வரப்பு எழுந்து இரண்டானது. பிறகு இரண்டும் விலைக்குப் போய்விட்டன. இப்போது அங்கே கம்பி வேலியும் கருவேலமும்தான்.

ஜமால் தம்பி முகத்தில் விழிக்காமலே செத்தார். போன மாதம் யூசுபும் படுக்கையில் கிடந்தார். பார்க்கப் போயிருந்தேன். கோணல் தாடையோடு அவர் சொன்னார்: "அண்ணன் அன்னிக்கு ஊதாம இருந்திருந்தா, நாங்க ஒண்ணாவே இருந்திருப்போம்பா."

நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவரும் போய்விட்டார். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.