முப்பத்தோரு திருத்தங்கள்

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் பிரிண்டர் அக்காவை யாரும் கவனிப்பதில்லை. தாள் சிக்கினால்தான் கூப்பிடுவார்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இயந்திரத்தின் வயிற்றுக்குள் கையை விட்டு, கசங்கிய தாளை உருவிக் கொடுத்துவிட்டு மை படிந்த விரல்களோடு போய்விடுவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான் என்பது புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை.

அந்த வேலை கைவிட்டுப் போனதற்குக் காரணம் கைராசிக்காரர். எதைத் தொட்டாலும் ஓடும் என்று பெயர் வாங்கியவர். எந்த மின்னஞ்சல் கடிதம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று சர்வருக்குச் சொல்ல ஒரு கோப்பு உண்டு. ஆயிரத்து எண்ணூறு வரி. யாரோ கீபோர்டின் மேல் உட்கார்ந்து எழுந்ததுபோல இருக்கும். அக்கா அதைக் கையால் தொட மாட்டாள். மேக்ரோ என்கிற சுருக்கச் சொற்களால் நாற்பது வரியில் தனியாக ஒரு சின்னக் கோப்பு எழுதி வைத்திருந்தாள். ஒரு கட்டளை கொடுத்தால் அதிலிருந்து பெரிய கோப்பு முழுசாகப் பிறந்து வரும். கைராசிக்காரருக்கு இந்தச் சுற்றுவழி ஆகாது. நேராகப் பெரிய கோப்பைத் திறப்பார், ஒரு வரியை மாற்றுவார், மூடுவார். யாரிடமும் மூச்சு விட மாட்டார்.

அப்படி அவர் செருகிய ஏழு வரிகள், ஒருநாள் அக்கா கட்டளை கொடுத்ததும் அழிந்துபோயின. சின்னக் கோப்பில் இல்லாதது பெரிய கோப்பில் எப்படிப் பிறக்கும்? அரை நாள் எந்த மருத்துவமனைக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு போகவில்லை. மேலாளர் எல்லோரையும் மாடியில் கூட்டினார்.

"நான் என்னங்க பண்றது," என்றார் கைராசிக்காரர். "நான் சரி பண்ணி வைக்கிறேன், அந்தம்மா மேக்ரோவப் போட்டு அழிச்சிடுறாங்க. நீச்சல் தெரிஞ்சவனுக்கு எதுக்குங்க ரப்பர் ட்யூப்?"

அறை சிரித்தது. அக்கா வாயைத் திறப்பதற்குள் அவள் நாற்காலி அவர் கைக்கு மாறிவிட்டது.

மிஞ்சியது பிரிண்டர்களும், சர்வரின் காப்புப் பிரதிகளை அடுக்கி வைக்கும் வேலையும். பிரதி எடுக்கிறவளைப் படிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாராவாரம் போன வாரத்துப் பெரிய கோப்பையும் இந்த வாரத்துக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். கைராசிக்காரர் எங்கே கை வைத்தார் என்பது, வெள்ளைச் சுவரில் விரல் தடம்போலத் தெரியும். அதை மேக்ரோவாக்கித் தன் சின்னக் கோப்பில் சேர்ப்பாள். யாரும் கேட்காத வேலை. கடமையுணர்ச்சி என்று யாராவது நினைத்தால் ஏமாந்துபோவார்கள். அது சுத்தமான வன்மம்.

அவள் கணவர் பஸ் ஓட்டுநர். சாப்பிடும்போதும் அவள் கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்பதைப் பார்த்துச் சொன்னார்: "கல்யாணத்தன்னிக்கு நான் லேட்டா வந்ததையே நீ இன்னும் விடல. பாவம், அந்த ஆளு தப்பிக்கவா போறான்?"

"அந்த நாற்காலி எனக்குத் திரும்பி வரணும். அதே ஆளுங்க முன்னாடி," என்றாள். "அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

"அதுக்கு மேல என்ன இருக்கு?" என்றார் அவர்.

மூன்றாம் வருஷம் நிர்வாகம் இரண்டாவது கட்டடம் திறந்தது. அங்கேயும் ஒரு சர்வர் வேண்டும். கைராசிக்காரர் பழைய பெரிய கோப்பை அப்படியே நகலெடுத்துப் புது இயந்திரத்தில் போட்டார். அந்தக் கோப்புக்குள் பழைய இயந்திரத்தின் பெயரை அவரே அங்கங்கே கையால் எழுதி வைத்திருந்தார். எங்கெங்கே என்பது அவருக்கே நினைவில்லை. திறந்த அன்று காலை, கடிதங்கள் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் அலைகிற புதுப்பெண்போல அலைந்து, களைத்து, அனுப்பியவரிடமே திரும்பின. ஓர் இடத்தில் பெயரை மாற்றினால் வேறு இரண்டு இடங்களில் அறுந்தது. மதியத்துக்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பிரிண்டர் அறைக்கு வந்து கதவருகே நின்றார்.

"தங்கச்சி, உன்னோட அந்தச் சின்னக் கோப்பு இன்னும் இருக்கா?"

அக்கா நிமிரவில்லை. "எது அண்ணே, ரப்பர் ட்யூபா?"

"விளையாடாதம்மா. மானம் போகுது."

"என்னோடதும்தான் போச்சு. மாடியில, கூட்டத்துல. போன வழியிலதானே அது திரும்பணும்?"

"இப்ப என்ன பண்ணணுங்கற?"

"எல்லாரையும் கூப்பிடுங்க. அந்த ஏழு வரிய யார்கிட்டயும் சொல்லாமப் போட்டது யாருன்னு சொல்லுங்க. கோப்பு தரேன்."

அவர் திரும்பி மாடிப்படி ஏறினார். அக்காவுக்கு அவசரமில்லை. பரிசோதனை முடிவுகள் அவளுடைய பிரிண்டர்களில் அச்சாகி ஆள்மூலம் போய்க்கொண்டிருந்தன. ஆகவே மனசாட்சிக்கு அன்று வேலை இல்லை.

மூன்று மணிக்கு மாடியில் கூட்டம். கைராசிக்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல அண்ணே," என்றாள் அக்கா.

அவர் மறுபடி சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அது அவளுக்குச் சிறு ஏமாற்றம்.

பிறகு சர்வர் திரைமுன் உட்கார்ந்தாள். இயந்திரத்தின் பெயரை ஒரே வரியில் மாற்றிக் கட்டளையைக் கொடுத்தாள். பெரிய கோப்பு பிறந்தது. கடிதங்கள் வீடு போய்ச் சேர்ந்தன. மேலாளர் திரையருகே குனிந்து சின்னக் கோப்பைப் படித்தார். முப்பத்தோரு திருத்தங்கள். ஒவ்வொன்றின் மேலும் தேதி, செய்தவர் யார், பக்கத்தில் 'காரணம் சொல்லப்படவில்லை.'

"நாளையிலேருந்து நீங்களே பாத்துக்குங்க," என்றார். குரலைத் தாழ்த்தி, "அவர வேற பிரிவுக்கு மாத்திடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் சார். எனக்கு உதவிக்கு இங்கயே இருக்கட்டும். பெரிய கோப்பைத் திறக்கிற உரிமைய மட்டும் எடுத்துடுங்க. ஏதாவது மாத்தணும்னா தாள்ல எழுதிக் கொடுக்கட்டும்."

அடுத்த வாரமே முதல் தாள் வந்தது. தன் பெட்டியை நிரப்பும் விளம்பரக் கடிதங்களைத் தடுக்க ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். ஒரு நிமிஷ வேலை. அக்கா இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"காரணம் எழுதலியே அண்ணே."

எழுதிக்கொண்டு வந்தார்.

"தேதி?"

அவர் தன் இடத்துக்கு நடந்து போவதை, உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை எல்லாம் சரியாக இருந்தது. அக்கா தாளை வாங்கி இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.