மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மைக்

“ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டுன கதையால்ல இருக்கு! ஒங்க பொட்டிய நிப்பாட்டுங்க. இல்லாட்டி கொழும்புக்கு எழுதிப் போட்டுருவோம்.”

இலங்கையில் ஓப்பநாயக்க ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கோயில் தலைவர் எல்லார் முன்னாலும் இன்டர்நெட் டெக்னீஷியனான என்னை இப்படிப் பிடித்துக்கொண்டார். மாரியம்மன் திருவிழா தொடங்கியதிலிருந்து அவருடைய வயர்லெஸ் மைக் கரகரத்துக்கொண்டிருந்தது.

அவர் கோபம் நியாயம்தான். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் இன்டர்நெட் கொடுத்தது இரவல் அலைவரிசையில். டிவிக்கும் மைக்குக்கும் அதில் முதல் உரிமை. அவர்கள் இல்லாத சானலில் நாம் போகலாம். அவர்கள் வந்துவிட்டால், எங்கள் ரேடியோ பெட்டி அதைக் கேட்டறிந்து தானாகவே வேறு சானலுக்கு மாறிவிட வேண்டும். கொழும்புக்குப் புகார் போனால் அனுமதியே போய்விடும். பள்ளியில் கணித ஆசிரியர் இல்லை. இரத்தினபுரியிலிருந்து ஓர் ஆசிரியை இந்த லிங்கில்தான் பாடம் நடத்தினார். ஓ.எல். பொதுப் பரீட்சை வேறு நெருங்கிவிட்டது.

என் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். போனில் சொன்னார்: “சானல் வெறுமையாக் கிடக்கெண்டுதான் மெஷின் காட்டுது. ஆனாலும் பிரச்சினை வேண்டாம் பிள்ளை. திருவிழா முடியும்வரைக்கும் நிப்பாட்டி விடுங்கோ.”

“நிப்பாட்டுனா பிள்ளைங்க படிப்பு போயிரும் சேர். பின்னேரம் வரைக்கும் டைம் குடுங்க, நான் பாத்துக்கிறேன்.”

சிக்னல் ஸ்கேனரோடு பள்ளியிலிருந்து மேலே ஏறினேன். பள்ளி பள்ளத்தில், கோயில் மலைக்கு மறுபக்கம். கீழே மைக்கின் சிக்னல் துளியும் இல்லை. உச்சியில், தேயிலை ஃபேக்டரி வாசலுக்கு வந்ததும் பளிச்சென்று தெரிந்தது. அட கடவுளே! நம் ஒலிபரப்பு ஆன்டெனா இருப்பது அந்த ஃபேக்டரிக் கூரையில். கேட்கும் ஆன்டெனாவோ பள்ளிக்கூடத்தில். வாய் மலை உச்சியில், காது பள்ளத்தில்! எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஃபேக்டரிக் கூரையிலும் கேட்கும் ஆன்டெனா ஒன்றைப் பொருத்தினேன். இரண்டில் எதற்கு மைக் கேட்டாலும் லிங்க் மாற வேண்டும் என்று செட் செய்தேன். தலைவருக்குப் போன் போட்டு, “இப்ப பேசிப் பாருங்க ஐயா” என்றேன்.

“அலோ, அலோ... பொட்டிக்காரம்மா, கேக்குதா?” ஒலிபெருக்கி கணீரென்றது. “பரவால்ல, ஒழுங்கா ஒதுங்கிக்கிச்சு!”

புதிதாக வரும் டெக்னீஷியன்களுக்கு நான் சொல்வது இதுதான். ‘சானல் காலி’ என்று பெட்டி சொன்னால் நம்புங்கள். ஆனால் அது எங்கே நின்று கேட்டது என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

அன்று மாலை, பாடம் நடக்கும்போதே கோயிலில் பூசை அறிவிப்பு தொடங்கியது. வகுப்பின் பின்னால் என் லேப்டாப்பில் சானல் எண் மாறியது. படம் அறுந்திருக்குமோ என்று ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் குனிந்தேன். ஆசிரியை பாதிக் கணக்கில் இருந்தார், குரல்கூடத் தடைப்படவில்லை.

முன்வரிசைப் பெண் பிள்ளை கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“மறைக்காதீங்க அக்கா, கணக்கு தெரியல.”