நைனாவின் மரப்பெட்டி

நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் காரியம் முடிந்த பிறகு அவருடைய மரப்பெட்டி என் வீட்டுக்கு வந்தது. அது அவருக்கு அவர் அப்பாவிடமிருந்து வந்த பெட்டி. கோட்டைக்குப்பத்தில் தான் கட்டிய புது வீட்டில் இடமில்லை என்று சொல்லி, அண்ணனே ஆள் வைத்துத் தூக்கிவந்து கூடத்தில் இறக்கிவிட்டுப் போனான்.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோறு வடித்துவிட்டு வாசலுக்குப் போவேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். மீன்பிடித் தடைக்காலம் வேறு. கடலுக்குப் போகாத வீட்டுக்காரர் நாள் முழுக்க எதிரிலேயே உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியையாவது துடைக்கலாம் என்று ஈரத்துணியோடு உட்கார்ந்தேன். மூடியின் ஓரத்தில் பெயிண்ட் பொரிந்திருந்தது. நகத்தால் நெம்பினேன். பச்சை உரிந்தது. அடியில் நீலம். அதற்கும் அடியில் சிவப்பு. அப்புறம் கை நிற்கவில்லை.

பொன்னேரிக்கு பஸ் ஏறிப்போய் உப்புத்தாளும் தின்னரும் வாங்கிவந்தேன். தின்னர் நெடி தாங்காமல் வீட்டுக்காரர் வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடிப்பலகையைச் செல் அரித்திருந்தது. தச்சரைக் கூப்பிட்டு மாற்றினேன். பித்தளைக் கீல்களைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து மாட்டினேன். மூடியும் முன்பக்கமும் பக்கவாட்டுப் பலகைகளும் சுத்தமாகி எண்ணெய் பூசியதும், தேக்கின் ரேகை தேன் நிறத்தில் எழுந்து வந்தது. வந்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. இன்னும் பின்பக்கம் இருக்கிறதே என்று பரபரத்தது.

அப்போதுதான் அண்ணன் வந்தான். எனக்காகக் கொண்டுவந்த நண்டுப் பையைக் கீழே வைக்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா பண்ணி வெச்சிருக்க?"

பெயிண்ட் உரிந்து அசிங்கமாகக் கிடந்ததால் சுத்தம் பண்ணுவதாகச் சொன்னேன்.

"அது நைனா அடிச்ச பெயிண்டு. கடலுக்குப் போற போட்டுக்கு அடிச்சிட்டு மிச்சத்த இதுக்குத்தான் அடிப்பாரு. உனுக்குத் தெரியாதா?"

தெரியும். அவர் நீலம் அடித்த வருஷம் பெயிண்ட் காயும் முன்னே அதில் சாய்ந்து, பாவாடையைக் கெடுத்து அம்மாவிடம் அடி வாங்கியவள் நான். அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.

"கைய சும்மா வெச்சிக்கினு இருக்க முடியலண்ணா," என்றேன்.

அவன் பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினான். பச்சைப் பெயிண்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். தானும் வீட்டில் தரிப்பதில்லை என்றும், தடைக்காலம் என்று தெரிந்தும் விடிந்ததும் நைனாவின் போட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகவும் பிறகு சொன்னான். கிளம்பும்போது, "இந்தப் பக்கத்த மட்டும் உட்டுடு," என்றான்.

விட்டுவிட்டேன். ஆனால் பெட்டியை எப்படி வைப்பது என்று இன்றுவரை தீரவில்லை. பச்சை தெரியும்படி திருப்பினால், மூடி திறக்கும் பக்கம் சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறது. துணி எடுக்க முடிவதில்லை. மறுபடி இழுத்துத் திருப்புகிறேன். போன வாரமும் திருப்பினேன். தரையெல்லாம் கீறல் என்கிறார் வீட்டுக்காரர்.