அதிரூபவள்ளிக்கு ஒரு குறையும் இல்லை

கமுதிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மிளகாய் போட்டிருக்கும் ஜெயசுதாவுக்கு நாற்பது வயது. மிளகாய்ப் பழம் பறிப்பதில் வேகம், பேச்சில் அதைவிட வேகம். அவளுக்குப் பிடித்த டிவி தொடர் முடிந்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகுதான், அதே பாத்திரங்களை வைத்து ரசிகர்களே மேற்கொண்டு கதை எழுதுகிற செயலி ஒன்று இருப்பது தெரிந்தது. மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் போனைத் திறந்துவிடுவாள்.

அங்கே பரமக்குடி செவ்வந்தி எழுதிய கதைக்குத்தான் ஏகப்பட்ட கூட்டம். தொடரில் வந்த முரட்டு இன்ஸ்பெக்டர் வேலவனுக்கு அதிரூபவள்ளி என்று புதிதாக ஒரு நாயகியைப் படைத்திருந்தாள். இருபத்திரண்டு வயதில் கலெக்டர். ஓய்வு நேரத்தில் இதய அறுவை சிகிச்சை. கண் நீலம். மொழி ஒன்பது. விசிலடித்தால் கடல்பசு கரைக்கு வரும். எவருக்கும் அடங்காத வேலவன், அவளைப் பார்த்த அன்றே குடை பிடிக்கப் போய்விட்டான்.

ஜெயசுதா பொறுத்துப் பார்த்தாள். பதினேழாம் அத்தியாயத்தில் அதிரூபவள்ளி திருப்பாலைக்குடியில் கடலில் குதித்து, அரை மணி நேரத்தில் ராமேஸ்வரத்தில் கரையேறினாள். தலைமுடிகூடக் கலையவில்லை.

"பஸ்ஸுல போனாலே ரெண்டு மணி நேரம் ஆகுமே தாயி," என்று கதைக்குக் கீழே எழுதினாள் ஜெயசுதா. "இவ மனுசியா, விசைப்படகா? அடைமழை ஐப்பசியில வத்தல் காயுதுன்னு வேற எழுதியிருக்க. அந்த வெயில எங்க களத்துக்கும் கொஞ்சம் அனுப்பு."

ரசிகைகள் பாய்ந்தார்கள். செவ்வந்தி எழுதியது ஒரே வரி: "முடிஞ்சா நீங்க எழுதுங்கக்கா."

ஜெயசுதாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மகேஸ்வரி என்று ஒரு மிளகாய்க்காட்டுப் பெண்ணை நாயகியாக்கி எழுதத் தொடங்கினாள். வாசகர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் அவள் கணவர் பூமிநாதன்.

"ஏழு அத்தியாயமா பழந்தான் பறிக்கிறா," என்றார் அவர். "இதப் பாக்க நம்ம காட்டுக்கே போயிருவேனே."

எட்டாம் அத்தியாயத்தில் மகேஸ்வரி நாற்பது கிலோ வத்தல் மூட்டையை ஒரு கையால் லாரியில் ஏற்றி, மறுகையால் எடையில் ஏமாற்றிய தரகனின் காதைத் திருகினாள். எழுத எழுத ஜெயசுதாவுக்கு உடம்பே லேசானது. சாயங்காலத்துக்குள் முந்நூறு பேர் படித்துவிட்டார்கள். முதல் கருத்து செவ்வந்தியுடையது: "ஒரே கையிலயாக்கா?"

ஜெயசுதா களத்துக்குப் போனாள். யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு ஒரு கையால் மூட்டையைத் தூக்கினாள். மூட்டை அசையவில்லை, தோள்தான் பிடித்துக்கொண்டது. பூமிநாதன் சிரித்துக்கொண்டே தைலம் தேய்த்துவிட்டார்.

"தூக்க முடியலடி. தோளு போச்சு," என்று செவ்வந்திக்குத் தனியாக எழுதி, நம்பரையும் போட்டாள். உடனே போன் வந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"துணிக்கடையில வேலைக்கா," என்றாள் செவ்வந்தி. "நாள் பூரா நின்னு சேலை மடிக்கிறேன். வீட்டுக்கு வந்து ஒக்காந்தா, அவளையாச்சும் பறக்க விடுவோம்னு இருக்கு."

ஜெயசுதா தைலம் தேய்த்த தோளைத் தடவிக்கொண்டாள். "பறக்கட்டும்டி. எப்பவாச்சும் ஒருக்கா விழவும் விடு. அப்பத்தான் நான் நம்புவேன்."

அடுத்த வாரம் அதிரூபவள்ளி வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பரீட்சையில் தோற்றாள். ரசிகைகள் கொதித்துப்போய்ச் செவ்வந்தியைத் திட்டித் தீர்த்தார்கள். அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, அத்தனை பேரிடமும் ஒற்றை ஆளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள் ஜெயசுதா.